மிஷனரிமார் எல்லோரும் அரசாங்கத்தின் ஆட்களா?

அடுத்த கேள்வி கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "ஐயா, மிஷனரிமார் எல்லோரும் நாடு பிடிக்க வந்த அரசுகளின் ஆட்கள்தானே? பிறகு ஏன் அவர்களைக் கொண்டாடுகிறோம்?"

தம்பி, நீங்கள் கேட்டதில் பாதி உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயரின் கப்பல்களில் படைவீரரும் வந்தார்கள், குருமாரும் வந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் முதலில் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். அப்படிப் பெயர் பதிந்தவர்களில் மிகப் பலர் 1796இல் ஆங்கிலேயர் வந்ததும் விலகிவிட்டார்கள்.

சரி, மற்றப் பாதிக்கு வருவோம். புனித யோசேவாஸ் அடிகளாரை எந்த அரசு அனுப்பியது? அவர் கோவாக்காரர், நம்மைப் போன்ற நிறம். கத்தோலிக்கக் குருமாருக்கு ஒல்லாந்தர் தடை போட்டிருந்த நேரம், 1687இல், பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பகலில் பிச்சை, இரவில் யாரோ ஒருவர் வீட்டில் திருப்பலி. பிடிபட்டால் அவருக்கும் ஆபத்து, இடம் கொடுத்த குடும்பத்துக்கும் ஆபத்து. அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழும். அவர்கள் பெயர்கள் எந்தப் பீடத்திலும் இல்லையே.

1692இல், ஒல்லாந்தருக்கு உட்படாத கண்டி இராச்சியத்துக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். அங்கே இருந்துகொண்டு சிங்களம் படித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளைத் தேடிப் போய்ப் பராமரித்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். ஒல்லாந்தரிடமிருந்து அவருக்குப் பிறகு அடைக்கலம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த மன்னர், இரண்டாம் விமலதர்மசூரியன். இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

வேறு இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. டென்மார்க் மன்னர் அனுப்பிய மிஷனரி சீகன்பால்குவைத் தரங்கம்பாடியில் 1708இல் சிறையில் அடைத்தவர் டென்மார்க்கின் சொந்த ஆளுநர்தான். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியும், ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் மிஷனரிப் பணிக்கு இடமில்லை என்பதால்தான் 1800இல் வங்காளத்தில் டேனியரின் கையில் இருந்த செராம்பூருக்குப் போனார்.

யோசேவாஸ் அடிகளார் 1711இல் கண்டியிலேயே இறந்தார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. ஒல்லாந்தர் குருமாரைத் தேடித் திரிந்த இதே கொழும்பில், 2015 ஜனவரி 14ஆம் திகதி, காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நாம் கொண்டாடுவது இவரைத்தான், தம்பி.