முதுகு சுவரில் முட்டும்போது

வணக்கம் நேயர்களே. சின்னக் கூடத்தில் பன்னிரண்டு பேரை நிற்க வைத்து, முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கிப் போட்டோ எடுத்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸில், ஓரத்தில் நிற்கும் சித்தப்பா எப்போதும் பாதிதான் கிடைப்பார்.

அவருக்காகவே நான் வாங்கியது கேனனின் 10-18 எஸ்.டி.எம். வைட் லென்ஸ். இந்த எண்கள் மில்லிமீட்டர் கணக்கு, எண் சிறுக்கச் சிறுக்கப் பார்வை அகலும். 2014-ல் வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 300 டாலர். அதற்கு முன்பிருந்த 10-22 லென்ஸ் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த 10-18-ன் எடை வெறும் 240 கிராம். மூலைக்கு மூலை 107 டிகிரி விரிந்து பார்க்கும்.

விலையை எங்கே குறைத்தார்கள்? கேமராவில் மாட்டும் வளையம் பிளாஸ்டிக். இந்த எடைக்கு அது போதும், எனக்குக் குறையாகப் படவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் தனியாக வாங்க வேண்டும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டாது, பின்னால் கேமராவை மாற்றும் எண்ணமிருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கை கடிப்பது வெளிச்சத்தில்தான். வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பர்ச்சர் எஃப்/4.5-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது). அதை ஈடுகட்ட ஐ.எஸ். என்ற நடுக்கத் தடுப்பு இருக்கிறது, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் கால் விநாடி ஷட்டரில்கூடக் கையிலேயே எடுத்துவிடலாம். தூணும் உத்தரமும் கூர்மையாக விழும். குறுக்கே ஓடும் குழந்தை புகையாகத்தான் வரும். ஐ.எஸ். அடக்குவது நம் கை நடுக்கத்தை, குழந்தையின் காலை அல்ல. நட்சத்திரம் எடுக்கும் ஆசையிருந்தால் எஃப்/2.8 டோக்கினா 11-16 பாருங்கள், இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும். ஆனால் அதில் ஐ.எஸ். கிடையாது.

எல்லாவற்றையும் படத்துக்குள் அடைக்கத்தான் வைட் லென்ஸ் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி எடுத்த மலையெல்லாம் கடுகாகிவிட்டது. நெருங்கிப் போய் எடுப்பதில்தான் இதன் பலம். இந்த லென்ஸ் 22 சென்டிமீட்டர் வரை நெருங்கவிடும். வாசல் கோலத்தின் முன் குந்தி உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். கோலம் பெரிதாக விரியும், பின்னால் தெருவே தெரியும்.

சரி, சித்தப்பா? முழுசாக வந்தார், தலை மட்டும் பூசணிக்காய்போல இழுபட்டு. இது மலிவு லென்ஸின் கோளாறு இல்லை. இத்தனை அகலத்தை நேர்கோடு வளையாமல் தட்டைப் படமாக்கினால் ஓரம் நீளத்தான் செய்யும், லட்ச ரூபாய் லென்ஸிலும். அப்புறம் நான் ஒல்லியானவர்களையே ஓரத்தில் நிறுத்த ஆரம்பித்தேன். போன பொங்கலுக்கு அத்தை அதைக் கண்டுபிடித்துவிட்டார். நடுவில் நிற்கச் சொன்னால் இப்போது முறைக்கிறார்.