முதல் கேமிங் பிசி: இந்த லிஸ்ட்ல இருக்குற பார்ட்ஸ் ஒண்ணோட ஒண்ணு சேருமா?

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம். "முதல் தடவையா கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன், பட்ஜெட் கம்மி. ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, டிடிஆர்5 ராம் 16 ஜிபி ஒரே ஸ்டிக், ஆர்எக்ஸ் 6600 கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட். இதெல்லாம் செட் ஆகுமா? ஏதாவது மாத்தணுமா?"

முதல்ல ஒரு வார்த்தை: ரைசன்னா ப்ராசஸர், ஆர்எக்ஸ்னா கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ்னா எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்குற பெட்டி. ஒண்ணு கண்டிப்பா மாத்தணும். இன்னொண்ணு வாங்குறதுக்கு முன்னாடி செக் பண்ணணும். ஒண்ணு லிஸ்ட்லயே இல்ல.

மாத்த வேண்டியது ராம். பி450 போர்டுல டிடிஆர்4 மட்டும்தான் போகும். டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்குமே 288 பின்தான், நீளமும் ஒண்ணுதான், அதனால கையில வச்சுப் பார்த்தா ஒரே மாதிரி தெரியும். ஆனா கீழ இருக்குற வெட்டு இருக்கு பாருங்க, அது ரெண்டுலயும் வேற வேற இடத்துல இருக்கும். அழுத்தினா உள்ள இறங்காது. "கொஞ்சம் டைட்டா இருக்கு போல"ன்னு நினைச்சு பலமா அமுக்கினா ஸ்லாட் உடைஞ்சிடும். ராம் உக்காரலன்னா முதல்ல வெட்டு எங்க இருக்குன்னு பாருங்க, அப்புறம்தான் கைக்கு வேலை.

ரைசன் 5 5600 ஏஎம்4 சாக்கெட், அதாவது ப்ராசஸர் உக்கார்ற இடத்தோட வகை. ஏஎம்4னா டிடிஆர்4, ஏஎம்5னா டிடிஆர்5. ஏஎம்டில இது சுலபம், குழப்பமே கிடையாது. இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்லதான் பார்த்து வாங்கணும். அதுல பி660, பி760 போர்டு டிடிஆர்4லயும் வருது, டிடிஆர்5லயும் வருது. சிப்செட் (போர்டோட மெயின் சிப்) பேரு ஒண்ணுதான், மாடல் பேரு கடைசில "டி4"ன்னோ "டிடிஆர்4"ன்னோ இருக்கான்னு பார்த்துதான் ராம் எடுக்கணும்.

அப்படியே இன்னொரு விஷயம், ஒரே 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம். 8 ஜிபி ரெண்டு, டிடிஆர்4 3200 (வேகம்), சிஎல்16 (ராம் பதில் தர்ற தாமதத்தோட அளவு), ஒரே கிட்டா எடுங்க. ஒரு ஸ்டிக் போட்டா சிங்கிள் சேனல், ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்குற பாதை பாதியாயிடும். ஆவரேஜ் எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம், குறையலாம், கூட்டமான சீன்ல டக்கு டக்குன்னு நிக்கவும் செய்யும். போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா, ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடுங்க. அடுத்தடுத்த ஸ்லாட்டுல போட்டா பெரும்பாலான போர்டுல ரெண்டும் ஒரே சேனல்ல போய் உக்காந்துடும். போட்டு முடிச்சதும் பயாஸ்ல, அதாவது பிசி ஆன் ஆனதும் முதல்ல ஓடுற போர்டோட சாஃப்ட்வேர்ல, எக்ஸ்எம்பி ஆன் பண்ணணும், ராமை அதோட முழு வேகத்துல ஓட வைக்கிற செட்டிங் அது, சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும். அது ஆன் பண்ணலன்னா 3200ன்னு காசு கொடுத்து வாங்கின ராம் 2133லயோ 2400லயோதான் ஓடும். அப்படியே வருஷக்கணக்கா ஓட்டுறவங்க நிறையப் பேர் இருக்காங்க.

இப்ப செக் பண்ண வேண்டியது, அந்த பி450. இது 5600ஐ எடுக்கும், ஆனா அதுக்கேத்த பயாஸ் இருந்தாத்தான். போர்டு 2018ல வந்த சிப்செட். 5600 வந்தது 2022 ஏப்ரல்ல. ரொம்ப நாளா டப்பால கிடந்த போர்டு வாங்கினீங்கன்னா, அதுல இருக்குற பயாஸுக்கு இப்படி ஒரு ப்ராசஸர் இருக்குறதே தெரியாது. ஃபேன் சுத்தும், லைட் எரியும், டிஸ்ப்ளே வராது. உடனே எல்லாரும் ப்ராசஸர் போச்சுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. பார்ட்ல ஒரு கோளாறும் இருக்காது.

எப்படி செக் பண்றது? போர்டு கம்பெனி சைட்ல உங்க மாடல் பக்கத்துக்குப் போங்க, சப்போர்ட்ல சிபியு லிஸ்ட்னு ஒரு டேபிள் இருக்கும். அதுல 5600ன்னு தேடுங்க. 5600எக்ஸ், 5600ஜி எல்லாம் வேற வேற வரி, சரியான வரியைப் பாருங்க. அந்த வரியில எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து வேலை செய்யும்னு போட்டிருக்கும். அதைக் குறிச்சு வச்சுக்கிட்டு, விக்கிறவங்ககிட்ட "இந்த வெர்ஷனோ அதுக்கு மேலயோ இருக்கா"ன்னு கேளுங்க. போர்டு பேரைச் சொல்லும்போது ரிவிஷன் நம்பரும் சேர்த்துச் சொல்லுங்க, சில மாடல்ல ரிவிஷன் மாறினா பயாஸ் ஃபைலும் மாறும்.

பதில் தெளிவா வரலன்னா, பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்குற போர்டா பார்த்து எடுங்க. ப்ராசஸர், ராம் எதுவும் போடாமலேயே அப்டேட் பண்ணலாம். பென்டிரைவ FAT32ன்னு சொல்ற அந்த ஃபார்மட்ல, அதாவது ஃபேட்32ல ஃபார்மட் பண்ணுங்க, பயாஸ் ஃபைலை மேனுவல்ல சொல்லியிருக்குற பேருக்கு மாத்திப் போடுங்க, பின்னாடி அதுக்குன்னு குறி போட்டிருக்குற யுஎஸ்பி போர்ட்டுல சொருகுங்க. எஸ்எம்பிஎஸ்ல இருந்து 24 பின், ப்ராசஸர் 8 பின் ரெண்டும் கனெக்ட் பண்ணி, பட்டனைச் சில செகண்ட் அழுத்திப் பிடிச்சா லைட் மின்ன ஆரம்பிக்கும். சில நிமிஷம் ஆகும். லைட் நிக்கிற வரைக்கும் பவர்ல கை வைக்காதீங்க.

பட்ஜெட் கொஞ்சம் தாங்கும்னா நான் பி550 பக்கம்தான் சாய்வேன். அதுலயும் பயாஸ் பார்க்கணும், 5000 சீரிஸ் வர்றதுக்கு சில மாசம் முன்னாடியே வந்த சிப்செட்தான் அது. ஆனா அதுல கிராஃபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கிற இணைப்பு) 4.0, பி450ல 3.0. உங்க ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (டேட்டா போற பாதை) கார்டு, 3.0ல போட்டாலும் நஷ்டம் ரொம்பக் கம்மி, அதுக்காக மட்டும் போர்டு மாத்த வேண்டாம். இதே இடத்துல ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எடுத்திருந்தா கதை வேற. அதுல நாலே லேன், மெமரியும் 4 ஜிபி. 3.0 போர்டுல நல்லா அடி வாங்கும். பழைய போர்டுல இன்டெல் ஆர்க் கார்டு போடலாமான்னும் சில பேர் கேட்டிருந்தீங்க. ரீசைஸபிள் பார் (கார்டோட மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரே தடவையில எட்ட விடுற வசதி) இல்லாத சிஸ்டம்ல அந்தக் கார்டு பக்கமே போகாதீங்க.

எஸ்எம்பிஎஸ்க்கு வருவோம். 500 வாட்னு எழுதியிருக்கு, எந்த மாடல்னு எழுதல. மாடல் தெரியாம வாட் மட்டும் சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல. உங்க லிஸ்டுக்குக் கணக்குப் பாருங்க: கார்டு 132 வாட், ப்ராசஸர் முழு லோடுல 76 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 260 வாட் பக்கம். கார்டு சில மில்லிசெகண்டுக்கு இதைவிட எகிறும், அதுக்கும் இடம் விட்டா ஒரு நல்ல 450 வாட்டே தாராளம். ஆனா இந்த 260ல பெரும்பகுதி 12 வோல்ட் லைன்லதான் போகுது. அதனால எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைப் பாருங்க, பிளஸ் 12வின்னு ஒரு கட்டம் இருக்கும், அதுக்குக் கீழ ஆம்ப் இருக்கும். 38 ஆம்ப்னு இருந்தா 12ஆல பெருக்குங்க, 456 வாட், பரவாயில்ல. 24 ஆம்ப்னு இருந்தா 288 வாட்தான். மேல 500ன்னு எவ்வளவு பெருசா அச்சடிச்சிருந்தாலும் அதைத் தொடாதீங்க.

அடுத்து கேபிள். ஆர்எக்ஸ் 6600க்கு பெரும்பாலும் ஒரு 8 பின் வேணும். எஸ்எம்பிஎஸ்ல அது 6+2ன்னு பிரிஞ்சு இருக்கும். ப்ராசஸருக்கு வர்றது 4+4. ரெண்டும் பார்க்க எட்டு ஓட்டைதான், ஆனா உள்ள பிளஸ் லைனும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். மாத்திப் போக முடியாதபடிதான் வடிவம் செஞ்சிருக்காங்க, பலம் காட்டினா மட்டும்தான் போகும். 6+2 இல்லாத எஸ்எம்பிஎஸ்க்கு, ஹார்ட்டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்குற சாட்டா கேபிள்ல இருந்து 8 பின் எடுக்குற கன்வெர்டர் விப்பாங்க. சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்ல 54 வாட் வரைக்கும்தான் தாங்கும், 8 பின் 150 வாட் வரைக்கும் இழுக்கலாம். உருகிடும். மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா, அதாவது கேபிளைக் கழட்டி மாட்டுற வகைன்னா, இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஓட கேபிளை இதுல போடாதீங்க, கார்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை மாறும்.

கேபினட் மைக்ரோ ஏடிஎக்ஸ், அதனால போர்டும் மைக்ரோ ஏடிஎக்ஸாவோ அதைவிடச் சின்னதாவோ இருக்கணும், அதிகபட்சம் 244க்கு 244 மில்லிமீட்டர். ஏடிஎக்ஸ் போர்டு 305 நீளம், உள்ள நுழையாது. கார்டு நீளத்தைக் கேபினட் ஸ்பெக்ல இருக்குற அளவோட ஒப்பிட்டுக்கோங்க. முன்னாடி ஃபேன் உள்பக்கமா மாட்டினா ஒரு 25 மில்லிமீட்டர் போயிடும், அதைக் கழிச்சுப் பாருங்க. கூலர் 5600 டப்பாலயே வருது, உயரப் பிரச்சனை இல்ல. டவர் கூலர் போடுறதா இருந்தா 155, 160 மில்லிமீட்டர்னு வரும், அப்ப கேபினட் அகலம் இடிக்கும்.

லிஸ்ட்லயே இல்லாதது ஸ்டோரேஜ். எம்.2 எஸ்எஸ்டி எடுங்க, என்விஎம்இயான்னு (சாட்டாவை விட வேகமான வகை) பார்த்து எடுங்க. எம்.2ங்கிறது வடிவம் மட்டும்தான், அதே வடிவத்துல சாட்டா எஸ்எஸ்டியும் வருது. கனெக்டர்ல ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா. உங்க போர்டு எதை எடுக்கும், எம்.2 போட்டா எந்த சாட்டா போர்ட் ஆஃப் ஆகும்னு மேனுவல்ல ஒரு சின்னக் குறிப்பு இருக்கும், பழைய ஹார்ட்டிஸ்க் சேர்த்து மாட்டுறவங்க அதைப் படிச்சிடுங்க. எஸ்எஸ்டியைப் பிடிக்கிற அந்தக் குட்டி ஸ்க்ரூ போர்டு டப்பாலதான் இருக்கும், டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

எல்லாம் மாட்டினதும் மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டுல சொருகுங்க. போர்டு பின்னாடியும் எச்டிஎம்ஐ இருக்கும், ஆனா 5600ல உள்ளயே கிராஃபிக்ஸ் கிடையாது, அந்த போர்ட்டுல எதுவும் வராது. இன்டெல்ல 12400எஃப் மாதிரி பேரு எஃப்ல முடியுற ப்ராசஸருக்கும் இதே நிலைமைதான். "எல்லாம் சரியா மாட்டிட்டேன், டிஸ்ப்ளே மட்டும் வரல"ன்னு கீழ எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஒரு கேபிளைப் பார்த்துடுங்க.