குப்பையை வெளியே அனுப்பாத ஊர்: ஆலப்புழை நகராட்சி செஞ்சது என்ன?

[காட்சி: திருநெல்வேலி மாவட்டம், நடுக்கல்லூர். பாதையோரம் குவிந்து கிடக்கும் மூட்டைகள்]

2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகள்ல மருத்துவக் கழிவை மூட்டை மூட்டையா கொட்டிட்டுப் போயிருந்தாங்க. வந்தது கேரளாவிலிருந்து. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு கேரள அரசுக்கு உத்தரவு போட்ட பிறகுதான் லாரிகள் வந்து திரும்ப அள்ளிட்டுப் போச்சு.

அந்தச் சண்டைக்குள்ள நாம இப்போ போகல. அதே கேரளாவுல, குப்பையை ஊருக்கு வெளியே அனுப்புற வழியே அடைபட்டுப் போன ஒரு நகராட்சி இருக்கு. அது எப்படிச் சமாளிச்சதுங்கிறதுதான் இந்த வீடியோ.

[காட்சி: ஆலப்புழை. கால்வாய்ப் பாலம், ஓரமெல்லாம் பாலித்தீன் பைகள்]

ஆலப்புழை. அப்போ 52 வார்டு, 2011 கணக்கெடுப்புப்படி ஒன்றேமுக்கால் லட்சம் பேர் பக்கம். ஊரோட குப்பை பூரா பக்கத்துல சர்வோதயபுரம்ங்கிற இடத்துல இருந்த நகராட்சிக் கிடங்குக்குப் போய்க்கிட்டிருந்தது. அங்க இருக்கிற ஜனங்க வருஷக்கணக்கா நாத்தத்தோட வாழ்ந்து பார்த்துட்டு, 2012ல லாரியை உள்ள விடமாட்டோம்னு மறிச்சுட்டாங்க. அவங்க செஞ்சதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஊருக்குள்ள குப்பை தேங்கிடுச்சு. தெருமுனையிலயும் கால்வாயிலயும் மலை மாதிரி.

வேற இடம் பார்த்து இன்னொரு கிடங்கு போட்டா என்னன்னு தோணும். ஆலப்புழையில அது கஷ்டம். அங்க நிலத்தடி நீர் ரொம்ப மேல இருக்கு, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துடும். மண்ணும் மணல். குப்பையிலிருந்து வடியுற கருப்புத் தண்ணி நேரா கிணத்துக்குப் போயிடும். ஆளில்லாத நிலமும் அங்க கிடையாது.

அதனால 2012 நவம்பர்ல நகராட்சி வேற வழியில இறங்கினது. திட்டத்தோட பேரு 'நிர்மல பவனம், நிர்மல நகரம்'. முன்னால நின்னு நடத்தினவர் அப்போதைய ஆலப்புழை எம்.எல்.ஏ. தாமஸ் ஐசக். முதல்ல ஊர் முழுக்கத் தொடங்கல, 12 வார்டுல மட்டும்தான். மக்கும் குப்பையை அது உண்டாகுற வீட்டுலயே, முடியலன்னா அந்தத் தெருவுலயே முடிச்சுடணும். திட்டம் மொத்தமும் இந்த ஒரு முடிவு மேலதான் நிக்குது.

[காட்சி: மேசை மேல் ஒரு கறுப்புக் குப்பைப் பை. கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கிறார்கள்]

மக்கும் குப்பையை ஏன் குறி வைக்கணும்? இந்தப் பையைப் பாருங்க. சோறு, காய்த் தோல், டீத்தூள், அதோட ரெண்டு பால் பாக்கெட், ஒரு அட்டைப் பெட்டி. எடையில பாதிக்கு மேல ஈரக் குப்பை. பையைக் கட்டினதும் காத்து நின்னுடும். காத்து இல்லாத இடத்துல வளர்ற நுண்ணுயிர் வேலையை எடுத்துக்கும், ஒரே ராத்திரியில நாத்தம். அட்டை நனைஞ்சு கூழாயிடும், பால் பாக்கெட்ல சாம்பார் ஒட்டிக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தா காசு கொடுத்து வாங்கியிருப்பார். இப்போ அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

இப்படிக் கலந்த குப்பை மலையா குவியுற இடத்துல உள்ளுக்குள்ள மீத்தேன்ங்கிற தீப்பிடிக்கிற வாயு உண்டாகும். ஒரு பொறி போதும். 2023 மார்ச்ல கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பத்திக்கிட்டு, அணைக்கவே பத்து நாளுக்கு மேல ஆச்சு. ஆலப்புழையிலிருந்து அங்க போக ரெண்டு மணி நேரம்கூட ஆகாது.

சரி, கருவிக்கு வருவோம். ஆலப்புழையில மூணு வகை இருக்கு. எது யாருக்குன்னு முடிவு பண்றது இடவசதி.

[காட்சி: வீட்டுக் கொல்லை. மண்ணில் நட்ட இரண்டு பிவிசி குழாய்கள்]

முதல்ல குழாய் உரம். 8 அங்குல விட்டமுள்ள பிவிசி குழாய் ரெண்டு, ஒவ்வொண்ணும் நாலடிக்குக் கொஞ்சம் மேல. ஓரடி மண்ணுக்குள்ள, மீதி வெளியே, மேல ஒரு மூடி. குப்பையைச் சின்னச் சின்னதா நறுக்கிப் போட்டு, நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை சாணக் கரைசலோ வெல்லம் கரைச்ச புளிச்ச மோரோ ஊத்தணும். ஒரு குழாய் 40 லிட்டர் பக்கம் கொள்ளும். போடப்போட அமுங்கிக்கிட்டே போறதால சின்னக் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மாசம் வரும். நிறைஞ்சதும் அதை மூடிட்டு அடுத்ததுல ஆரம்பிக்கணும். ரெண்டாவது நிறையுறதுக்குள்ள முதல் குழாய்ல உரம் தயாரா இருக்கும்.

இதுல வழக்கமா வர்ற கோளாறு புழு. சாம்பாரையும் ரசத்தையும் அப்படியே கொட்டினா உள்ள சேறாயிடும், அந்தச் சேத்துலதான் ஈ முட்டை வைக்கும். சாதத்தை வடிச்சுப் போடுங்க, மேல ஒரு கைப்பிடி தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ தூவுங்க. மழைக்காலத்துல தண்ணி தேங்குற மூலையில குழாயை நட்டா கீழ இருந்து தண்ணி ஏறும். கொல்லையிலயே மேடான இடமா பார்த்து நடணும்.

[காட்சி: மாடியில் சிறிய எரிவாயுக் கலன்]

ரெண்டாவது, வீட்டு எரிவாயுக் கலன். நம்ம பக்கம் கோபர் கேஸ்னு சொல்றதோட சின்ன வடிவம். முதல்ல சாணக் கரைசலை நிரப்பி, எரிவாயு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் காத்திருக்கணும். அப்புறம் தினமும் சமையல் கழிவைக் கரைச்சு, அதே அளவு தண்ணி சேர்த்து ஊத்தணும். ஒரு கன மீட்டர் கலனுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் அஞ்சு கிலோ. எரிவாயு ஒரு அடுப்பை ஒரு மணி நேரம் பக்கம் எரிக்கும். உங்க வழக்கமான சிலிண்டர் அடுப்பை இதுல மாட்டினா எரியாது. இந்த எரிவாயு அழுத்தம் குறைஞ்சது, கரியமில வாயுவும் கலந்தது. அதுக்குத் துளை பெருசா இருக்கிற தனி பர்னர் வேணும்.

கலன் நின்னு போனா பெரும்பாலும் காரணம் உள்ள போடுற இரைதான். விருந்து நடந்த மறுநாள் பத்து கிலோவைக் கொட்டியிருப்பாங்க. இல்லன்னா எலுமிச்சைத் தோல், ஊறுகாய், சோப்புத் தண்ணி போயிருக்கும். உள்ள புளிப்பு ஏறி, எரிவாயு உண்டாக்குற நுண்ணுயிர் சுருண்டுடும். புளிச்ச வாடை வந்தா ஒரு வாரம் எதுவும் போடாதீங்க. ரெண்டு வாளி புதுச் சாணக் கரைசல் மட்டும் ஊத்துங்க, பெரும்பாலும் மீண்டுடும்.

கருவிக்கு மானியம் உண்டு, ஆனா ஒரு பங்கு வீட்டுக்காரர் கொடுக்கணும். இது முக்கியம்னு நினைக்கிறோம். சும்மா கொடுத்த பக்கெட்டுல துணி ஊறப்போட்டிருக்கிறதை எல்லா ஊர்லயும் பார்க்கலாம்.

[காட்சி: தெருமுனை. நிழற்கூரை, அதன் கீழ் இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டிகள். சுவரில் ஓவியம்]

கொல்லையும் இல்ல, மாடியும் இல்லங்கிற வீடுகளுக்குத்தான் மூணாவது. தும்பூர்முழி தொட்டி. திருச்சூர் மாவட்டம் தும்பூர்முழியில கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தோட மாட்டுப் பண்ணையில உருவான முறை. செத்த மாட்டுக் கழிவையே மட்க வைக்கிறதுக்காக யோசிச்சது, அதனால சமையல் கழிவெல்லாம் இதுக்குச் சாதாரணம்.

அளவு நாலடிக்கு நாலடி, உயரமும் நாலடி. சுவர் முழுசா அடைக்கக் கூடாது. ஃபெரோசிமெண்ட், அதாவது கம்பி வலை மேல சிமெண்ட் பூசின பலகைகளை ஒரு அங்குல இடைவெளி விட்டு அடுக்கியிருப்பாங்க. ஏன் நாலடி? அதைவிடப் பெருசானா நடுவுக்குக் காத்துப் போகாது. ரெண்டடியா சுருக்கினா உள்ள சூடு நிக்காது. இந்த அளவுல ரெண்டும் சரியா அமையுது, அதனாலதான் இதைக் கிளறவே வேண்டாம்.

கீழ ஆறு அங்குலம் பச்சைச் சாணம். மேல ஆறு அங்குலம் காய்ஞ்ச இலை. அதுக்கு மேல ஆறு அங்குலம் குப்பை. திரும்பவும் சாணம், இலை, குப்பைன்னு மேல வரைக்கும். சாணம் கிடைக்காத ஊர்ல நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிக்கிறாங்க. சில நாள்லயே உள்சூடு 70 டிகிரியைத் தொடும்.

[காட்சி: நீளக் கம்பி வெப்பமானியைப் பலகை இடுக்கில் செருகுகிறார்கள். முள் மெல்ல ஏறுகிறது]

அந்தச் சூட்டுல ஈ முட்டை, புழு, பெரும்பாலான நோய்க்கிருமி எல்லாம் செத்துடும். தொட்டி நிறைஞ்சதுலேர்ந்து 90 நாள்ல உரத்தை அள்ளலாம். பக்கத்துல நின்னா மழை பெய்ஞ்ச மண் வாசனைதான் வரும், வேற வாசனை வந்தா எங்கயோ தப்பு நடந்திருக்கு.

அந்தத் தப்பு பெரும்பாலும் இலையில இருக்கும். மக்கும் குப்பையில தழைச்சத்து அதிகம், கரிமம் கம்மி. கரிமத்தைக் கொடுக்கிறது காய்ஞ்ச இலை. இலைத் தட்டுப்பாடு வந்ததும் ஊழியர்கள் குப்பை மேலயே குப்பையைப் போடுவாங்க. ரெண்டே நாள்ல அம்மோனியா நெடி கிளம்பும், தெருக்காரங்க தொட்டியை எடுங்கன்னு வந்து நிப்பாங்க. தமிழ்நாட்டு நகராட்சிகளோட நுண் உர மையங்களும் பல இடத்துல இதே இடத்துலதான் சறுக்குது. ஒரு பக்கம் பூங்காவுல கூட்டின இலையைக் கொளுத்துவாங்க, இன்னொரு பக்கம் உர மையத்துல இலை இல்லம்பாங்க. மார்ச், ஏப்ரல்ல உதிர்ற இலையைச் சாக்குல கட்டி, நனையாத இடத்துல அடுக்கி வைங்க. மழைக்காலம் முழுக்க அதுதான் கைகொடுக்கும்.

ஈரம் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்க. ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா இலை சேருங்க, உதிர்ந்தா தண்ணி தெளியுங்க.

[காட்சி: பச்சை மேல்கோட்டு அணிந்த பெண்கள், வீட்டுக் கதவில் கியூஆர் ஒட்டியை ஸ்கேன் செய்கிறார்கள்]

மக்காத குப்பை இப்போ ஹரித கர்ம சேனைங்கிற பெண்கள் குழுக்கள் கையில. கேரள நகராட்சிகள்ல இதுக்கு வீட்டுக்கு மாசக் கட்டணம் உண்டு. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காய வைச்சுதான் கொடுக்கணும். ஈரமில்லாத குப்பை நாறாது, அதனால மாசத்துக்கு ஒரு தடவை வந்து எடுத்தாலே போதும். தினசரி லாரிச் செலவு பெருசா குறையுறது இங்கதான்.

2016ல டில்லியோட அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் மைசூரு, பனாஜியோட ஆலப்புழையையும் தூய்மை நகரமா தேர்ந்தெடுத்தது. 2017ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒசாகா, பினாங்கு உள்ளிட்ட அஞ்சு ஊர் பட்டியல்ல இதையும் சேர்த்தது. விருதுக்கு அப்புறமும் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல முடியாது. டயப்பர், நாப்கினுக்கு இந்த மூணு கருவியிலயும் இடமில்ல. கழிவுநீர் இன்னமும் கால்வாய்லதான் கலக்குது. பழுது பார்க்க ஆள் வராத வீட்டுல எரிவாயுக் கலன் தூசி பிடிச்சுக் கிடக்கும். கருவி வாங்குற பணத்தோட பராமரிப்புக் குழுவுக்கும் சேர்த்து ஒதுக்காத நகராட்சி இதைத் தொடங்காம இருக்கிறதே மேல்.

[காட்சி: வெள்ளைப் பலகையில் கணக்கு]

உங்க தெருவுல தும்பூர்முழி வைக்கணும்னா கணக்கு இப்படி. 100 வீடு, வீட்டுக்கு அரை கிலோன்னா நாளைக்கு 50 கிலோ. குப்பை அமுங்கிக்கிட்டே போறதால ஒரு தொட்டி நிறைய ஒரு மாசம் பக்கம் ஆகும். மட்க மூணு மாசம். அப்போ ஒண்ணு நிறையும்போது மூணு காத்திருக்கும், ஆக நாலு தொட்டி. மேல கூரை கட்டாயம், தரை சுத்தியிருக்கிறதைவிட அரையடி உயரம். பக்கத்துலயே இலைச் சாக்குக்கு ஒரு கொட்டகை, ஒரு தண்ணிக் குழாய். காலையில மூணு மணி நேரம் நிக்க சம்பளத்துக்கு ஒரு ஆள். வர்றவங்க கொண்டு வர்ற பக்கெட்டை அவர் பார்த்துதான் வாங்கணும். பிளாஸ்டிக் கலந்திருந்தா அங்கயே பிரிச்சு எடுக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துடணும், அதுவும் முதல் நாள்லேர்ந்தே.