விசாவில் அந்த ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பேரணாம்பட்டு. சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு கம்பெனி ஆபீஸில் பதினேழு வருடம் இருந்தேன். ஆட்களுக்கு இகாமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, எடுப்பது, புதுப்பிப்பது, இதுதான் என் வேலை.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் விசா வந்துவிட்டது என்றால் தெருவுக்கே இனிப்புக் கொடுத்துவிடுகிறோம். விசா என்பது உள்ளே நுழைய விடும் சீட்டு, அவ்வளவுதான். அங்கே தங்குவதற்கு இகாமா வேண்டும். துபாய் என்றால் எமிரேட்ஸ் ஐடி, நம் ஆட்கள் பத்தாக்கா என்பார்கள். வேலை செய்யத் தனி அனுமதி. இவை எல்லாவற்றிலும் அதே முதலாளி பெயர், அதே தொழில் இருக்க வேண்டும்.

போன மாதம் ஆம்பூர்ப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவன். "மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று செல்போனை நீட்டினான். சவூதியில் சூப்பர் மார்க்கெட்டில் சேல்ஸ்மேன் வேலை என்று சொல்லி ஏஜென்ட் ஒருவர் ஒன்றேகால் லட்சம் பேசியிருக்கிறார். பாதி கொடுத்தாகிவிட்டது. விசாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் அரபியில் இரண்டே சொல்: 'சாயிக் காஸ்'. அப்படி என்றால் வீட்டு டிரைவர். பையனிடம் இருப்பது பைக் லைசென்ஸ்.

அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னாராம். சவூதித் தொழிலாளர் சட்டத்தில் வீட்டு வேலையாட்கள் வரவே மாட்டார்கள், அவர்களுக்கு விதிகள் தனி. கம்பெனி ஆள் ஒரு வருடம் முடித்து வேறு முதலாளியிடம் மாற 2021-இல் வழி திறந்தார்கள். அந்த வழியும் வீட்டு டிரைவருக்கு இல்லை. வீட்டு டிரைவர் இகாமாவோடு கடையில் நின்று செக்கிங்கில் மாட்டினால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

இன்னொரு ஏமாற்று விசிட் விசா. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. அதை வைத்துக்கொண்டு சவூதி, குவைத், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், சம்பளத்தைக் காட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் விசிட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் வரவில்லை என்று எங்கே போய் நிற்பது?

நம் நாட்டில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. லைசென்ஸ் நம்பரை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

அங்கே போன பிறகு இகாமா செலவு யாருடையது? முதலாளியுடையது. புதுப்பிக்கும் கட்டணமும், தாமதமானால் வரும் அபராதமும் அவர் தலையில்தான் என்று சவூதிச் சட்டமே சொல்கிறது. இது தெரியாமல் சம்பளத்தில் பிடிக்க விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கொத்தனார், வயதில் பெரியவர், வேறு கம்பெனி ஆள். இகாமா தேதி முடிந்து அவருடைய பேங்க் கணக்கு முடங்கிவிட்டது. சம்பளம் உள்ளே கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. மகள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம். என் மேசைக்கு முன்னால் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு சவூதி அரசின் அப்ஷர் ஆப்பில் அந்தத் தேதியை அவரவரே பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை பாருங்கள்.

சரி, ஆம்பூர்ப் பையனுக்கு வருகிறேன். அந்த ஏஜென்டுக்கு லைசென்ஸே இல்லை. ரசீதும் கிடையாது. கூகுள் பேயில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் போனில் இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, விசா நகலையும் சேர்த்து, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு சென்னையில் வைத்திருக்கிற குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினோம். பயணத்தை நிறுத்தியாகிவிட்டது. பையன் ஷூ கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான். பணம் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நானும் அவனோடு சென்னைக்குப் போகிறேன். வணக்கம்.