ஓட்டுநரும் நடத்துநரும்

நேயர்களுக்கு வணக்கம். இருதய மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால் எண்ணெய், உப்பு, சிகரெட் என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்திருப்பீர்கள். அவையும் முக்கியம்தான். நான் இன்றைக்கு உட்கார்ந்தே இருப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கே போனாலும் நான் சொல்கிற கதை இது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகிக்கொண்டே போகிறது, காரணம் புரியவில்லை. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களைக் கவனித்தார். ஒரே பஸ்ஸில் இரண்டு பேர். ஓட்டுநர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். மோரிஸின் ஆட்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்து எண்ணினார்கள்: ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்!

1953இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும், சீக்கிரமே இறந்துபோனவர்கள் அவர்களில் குறைவு. திரும்பச் சொல்கிறேன், இருவரும் வேலை பார்த்தது ஒரே பஸ்ஸில்.

குண்டாக இருப்பவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களோ என்று உங்களுக்குத் தோன்றலாம். மோரிஸுக்கும் தோன்றியது. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கைத் தேடி எடுத்தார்! ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடு ஒப்பிட்டாலும் ஓட்டுநர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சரி, போக்குவரத்து நெரிசலின் டென்ஷனா? தபால் துறையில் பார்த்தார். நடந்து கடிதம் கொடுத்தவர்களைவிட, உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்களுக்கே நோய் அதிகம்.

கால் தசை சும்மா கிடந்தால் ரத்தத்திலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் அது எடுத்துக்கொள்வது குறைகிறது. காலில் ரத்த ஓட்டமும் மந்தமாகிறது. மணிக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாய் தாங்காது.

"காலையில் அரை மணி நேரம் வாக்கிங் போகிறேனே டாக்டர்" என்பார்கள். மிகவும் நல்லது, விடாதீர்கள். ஆனால் 10 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்கள் அதன் பாதிப்பை ஈடுகட்டத் தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடக்க வேண்டியிருக்கும் என்கிறது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். தையல் மெஷினிலும் கல்லாவிலும் உட்காருகிறவர்களுக்காகத் தனியே சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள், போன் வந்தால் நின்று பேசுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.