கதவைத் திறந்தது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்தது நீதிமன்றமா, மக்களா என்பது கேள்வி. மக்கள்தான் என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய ஐயா, 1954 மே 17-க்குப் பொங்கலே வைத்துவிட்டார்! கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பதை எதிர்த்த பிரவுன் வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் 'பிரித்து வைத்தாலே சமமில்லை' என்றார்கள். உண்மைதான். ஆனால் 'சட்டத்தின் சமமான பாதுகாப்பு' என்ற வரி அரசியலமைப்பில் ஏறியது 1868-இல். அதே வரியைப் படித்துவிட்டுத்தானே 1896-இல் அதே நீதிமன்றம் 'பிரித்தாலும் சமம்தான்' என்றது? வரி மாறவில்லை. 58 வருஷம் கழித்து அர்த்தம் மட்டும் எப்படி மாறியது?

வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்று ஓர் ஊர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை ஏறக்குறைய 180 பேருக்குக் கட்டினார்கள். படித்ததோ 450 பேருக்கு மேல். மிச்சப் பேருக்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகை. மழைக்கு ஒழுகும், குளிருக்குக் கோட்டைக் கழற்ற முடியாது.

1951 ஏப்ரல் 23. பதினாறு வயது பார்பரா ஜான்ஸும் தோழர்களும் ஒரு பொய் போன் போட்டுத் தலைமையாசிரியரை ஊருக்குள் அனுப்பிவிட்டு, அவர் பெயரிலேயே வகுப்புகளுக்குச் சீட்டு அனுப்பி எல்லோரையும் அரங்கில் கூட்டினார்கள். ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு வேலைநிறுத்தம்! (நம் பிள்ளைகள் செய்திருந்தால் டி.சி. கொடுத்திருப்போம்.) அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த வழக்கும் பிரவுனில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று.

சரி, தீர்ப்பு வந்தது. உடனே கதவு திறந்ததா? அடுத்த வருஷம் அதே நீதிமன்றம், 'நிதானமான வேகத்தில்' செய்யுங்கள் என்றது. இது எங்கள் வீட்டுக் கொத்தனார் சொல்லும் வேகம், நடுவர் அவர்களே! பத்து வருஷம் ஆகியும் தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959-இல் அரசுப் பள்ளிகளையே இழுத்துப் பூட்டினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். முடியாதவர்களின் பிள்ளைகள் தேவாலயத்தில் கூடிப் படித்தார்கள். 1963 கோடையில் அந்தப் பிள்ளைகளே தட்டி பிடித்துத் தெருவில் இறங்கினார்கள்.

'1964-இல் திறக்க வைத்ததும் நீதிமன்றம்தானே' என்று எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. ஆமாம் ஐயா. அந்த வழக்கின் பெயர் என்ன? கிரிஃபின். அது எந்த நீதிபதியின் பெயரும் இல்லை, அந்த ஊர்ப் பாதிரியார் குடும்பத்தின் பெயர்.