போன்ல படிக்க முடியுதா? வெப் டிசைன் பத்தி மன்னார்குடியில பேசினது

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி தங்கச்சிங்க நெறைய வந்திருக்கீங்க, பின்னாடி விவசாயிங்களும் உக்காந்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் சேத்துதான் பேசப்போறேன்.

1991 ஆகஸ்ட்ல டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா பக்கத்துல இருக்க செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து வெப்பை எல்லாருக்கும் தொறந்து விட்டாரு. அந்த மொத சைட்டுல படம் கிடையாது, கலர் கிடையாது, வெறும் எழுத்தும் லிங்க்கும்தான், ஆனா ஜன்னலை எவ்ளோ சுருக்கினாலும் வரி தானா மடிஞ்சு உள்ளயே அடங்கிக்கும். 1993ல மொசைக்ங்கற பிரவுசர் வந்து எழுத்துக்கு நடுவுலயே படம் காட்டுச்சு, அப்பறம் எல்லாருக்கும் பத்திரிகை மாதிரி பத்தி பிரிச்சுப் போடணும்னு ஆசை வந்துருச்சு, அதுக்கு வெப் பக்கத்தை எழுதற மொழியான எச்டிஎம்எல்ல வழியில்ல, அதனால கணக்கு விவரத்தை அட்டவணையா காட்டறதுக்கு இருந்த டேபிளை எடுத்து கோட்டை மறைச்சுட்டு கட்டம் கட்டமா அடுக்கினாங்க. இடைவெளி வேணும்னா கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் படத்தை இழுத்து வைப்பாங்க! செர்ன்ல இருந்த ஹோகோன் வியும் லீ 1994லயே சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தோட தோற்றத்தைத் தனியா எழுதி வைக்கற யோசனைய சொல்லிட்டாரு, 1996 டிசம்பர்ல அது ஸ்டாண்டர்டும் ஆச்சு, ஆனா பிரவுசருங்க அதை ஒழுங்கா காட்ட வருஷக்கணக்காச்சு. நடுவுல அசையற படம் காட்டற ஃபிளாஷ் வந்து ஆடுச்சு, 2020 கடைசியோட போச்சு.

நம்ம தமிழுக்கு இதுல தனிப் பாடு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கற யூனிகோடுல 1991லயே தமிழ் இருந்துச்சு, ஆனா விண்டோஸ் 2000 வர்ற வரைக்கும் சாதாரண ஆளு கம்ப்யூட்டர்ல அது வேலைக்காகல. அதனால ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபாண்ட், இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை ஒட்டி வச்சிருப்பாங்க, அந்த ஃபாண்டை இறக்கலன்னா தலைப்புச் செய்தியே கிறுக்கலா தெரியும். தேடவும் முடியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வழக்கமா மேட்டூர் அணை தொறக்கற ஜூன் 12 நெருங்குனா டெல்டாவுல மேட்டூர் எத்தனை அடின்னு பாக்காத வீடு இருக்கா? 120 அடியில இப்ப எவ்ளோ, எத்தனை கனஅடி தொறக்குறாங்க, குறுவைக்கு நாத்து விடலாமா, இதுதான் கேள்வி. நான் அப்படி ஒரு பக்கத்தைப் போன்ல தொறந்தேன், பதினஞ்சு கட்டம் டேபிள், அணை பேரு இடது ஓரத்துல, நீர்மட்டம் வலது ஓரத்துல, இழுத்துட்டுப் போறதுக்குள்ள எந்த அணைங்கறதே மறந்துபோகுது. அடுத்த பக்கம் இன்னும் மோசம், தகவல் முழுக்க ஒரு படமா போட்டிருக்கு, கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்கிரீன் ரீடர் அதுல என்னத்த வாசிக்கும்? இது எனக்குக் கோவம் வர்ற இடம்.

இத்தனைக்கும் வெப் டிசைனர் ஈத்தன் மார்காட் 2010லயே ரெஸ்பான்சிவ் டிசைன்னு பேர் வச்சு வழி சொல்லிட்டாரு, ஸ்கிரீன் அகலத்தைப் பாத்து அடுக்கு மாறிக்கணும்னு. பக்கத்தைப் போன் அகலத்துக்கே காட்டுன்னு சொல்ற வியூபோர்ட்னு ஒத்த வரி எழுதலன்னா போன் தன்னைப் பெரிய மானிட்டர்னு நினைச்சுக்கிட்டு எழுத்தை எறும்பு மாதிரி சுருக்கிடும். தமிழுக்கு வரி இடைவெளி இங்கிலீஷை விட கொஞ்சம் தாராளமா விடுங்க, இல்லன்னா மேல கொக்கியும் கீழ சுழியும் முட்டிக்கும். பட்டன் அகலத்தைப் பூட்டி வைக்காதீங்க, நம்ம வார்த்தை நீளம், வெளிய வழியும்.

ப்ராஜெக்ட் என்ன பண்ணலாம்னு கேட்டீங்கல்ல, நீர்மட்டப் பக்கம் பண்ணுங்க. அணை பேரு, அடி, வரத்து, தொறப்பு, எந்தத் தேதி எத்தனை மணிக்கு எடுத்த கணக்குன்னு எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, யூனிகோடு எழுத்துல. பண்ணிட்டு மொதல்ல பின்னாடி உக்காந்திருக்கவங்க போன்ல தொறந்து பாக்கச் சொல்லுங்க.